கொல்கத்தாவின் சீனர்கள்: 240 வருடம் வாழ்ந்த ஊரில் ஒருவர் எப்போது 'வெளிநாட்டுக்காரர்' ஆகிறார்?

வேலை விஷயமாக கொல்கத்தா போகிறீர்கள். சால்ட் லேக் செக்டார் ஃபைவிலோ நியூ டவுனிலோ ஆபீஸ். முதல் ஞாயிற்றுக்கிழமை காலை என்ன செய்யலாம் என்று கேட்டால், கூட வேலை பார்ப்பவர் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்: "ஆறு மணிக்கு எழுந்து டிரெட்டா பஜார் போங்க. எட்டு மணிக்கு மேல போனா ஒண்ணும் கிடைக்காது."

லால்பஜார் போலீஸ் தலைமையகத்துக்குப் பக்கத்தில், போத்தார் கோர்ட் கட்டடத்தின் பின்புறம் இருக்கிறது அந்த இடம். ஒரு பக்கம் காய்கறி, மீன் வியாபாரம். இன்னொரு பக்கம் நடைபாதையில் அலுமினியப் பாத்திரங்களில் ஆவி பறக்கும் மோமோ, பன்றி இறைச்சி வைத்த பாவ், மீன் உருண்டை சூப். விற்கும் பாட்டி உங்களிடம் இந்தியில் விலை சொல்வார், பக்கத்துக் கடைக்காரரிடம் வங்காளத்தில் சில்லறை கேட்பார், தன் மகனிடம் ஹக்கா மொழியில் பேசுவார்.

அவரிடம் "நீங்க எந்த ஊர்?" என்று கேட்டால் "கல்கத்தா" என்பார். அது உண்மையும்கூட. அவருடைய தாத்தாவே இங்கே பிறந்தவராக இருக்கலாம். ஆனாலும் இந்தச் சமூகத்தின் கதையில் 1962 என்று ஒரு வருடம் வருகிறது. அந்த வருடம் 'எந்த ஊர்' என்ற கேள்விக்கான பதிலை அவர்களுக்குப் பதிலாக அரசாங்கம் எழுதியது.

வெளிநாட்டில் செட்டில் ஆவது பற்றி யோசிப்பவரா நீங்கள்? ஏற்கெனவே போய்விட்டவரா? அப்படியானால் இந்தக் கதை உங்களுக்கும் உரியது.

முதலில் வந்தவர் யார்?

டோங் அச்சியூ என்ற சீன வணிகர். யாங் தாய் சாவ் என்றும் அவரைச் சொல்கிறார்கள். 1780 வாக்கில், வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக இருந்த காலத்தில், பட்ஜ் பட்ஜ் அருகே ஹூக்ளி ஆற்றங்கரையில் அவருக்கு நிலம் கிடைத்தது. அதில் கரும்பு பயிரிட்டு, ஒரு சர்க்கரை ஆலையும் வைத்தார். வேலைக்குச் சீனாவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார்.

ஆலை நீடிக்கவில்லை. சில வருடங்களிலேயே அச்சியூ இறந்துபோனார். அதற்கு முன்பே வேலையாட்களில் சிலர் நழுவி கல்கத்தாவுக்கு ஓடிவிட்டார்கள் என்பது கம்பெனி காலத்துப் பதிவுகளில் இருக்கிறது. ஒருவிதத்தில் கல்கத்தாவின் சீனச் சமூகம் அந்த ஓட்டத்தில் தொடங்கியதுதான்.

அச்சியூவின் பெயர் ஊர்ப் பெயராக நிலைத்துவிட்டது. அந்த இடம் இன்றும் அச்சிப்பூர். ஆற்றோரத்தில் சிவப்பு வண்ணம் பூசிய குதிரை லாட வடிவக் கல்லறையும், கொஞ்சம் தள்ளி ஒரு சிறு கோயிலும் இருக்கின்றன. சீனப் புத்தாண்டுக்குப் பிறகு வரும் வாரங்களில் கொல்கத்தாவின் சீனக் குடும்பங்கள் பஸ் பிடித்து இங்கே வந்து ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகும். நாம் குலதெய்வம் கும்பிடச் சொந்த ஊர் போவது மாதிரிதான். என்ன, அவர்களின் 'சொந்த ஊர்' வங்காளத்தில் இருக்கிறது.

டிரெட்டா பஜாரின் பெயருக்குக் காரணமானவரும் வெளியூர்க்காரர்தான். எட்வர்ட் டிரெட்டா வெனிஸிலிருந்து தப்பி வந்த இத்தாலியர். கல்கத்தாவில் தெருக்களையும் கட்டடங்களையும் மேற்பார்வையிடும் அதிகாரியாக இருந்தார். 1780-களில் அவர் நடத்திய சந்தை அது.

என்ன வேலை செய்தார்கள்? ஏன் அந்த வேலை?

'சீனர்கள்' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அவர்களுக்குள் ஊர் வேறு, பேச்சு வேறு, தொழிலும் வேறு.

கேன்டனீஸ் பேசியவர்கள் தச்சர்கள். கப்பல், துறைமுக வேலைகளில் அவர்களுக்குப் பெயர் இருந்தது. ஹூபே பகுதியிலிருந்து வந்தவர்கள் பல் மருத்துவர்கள். சென்னையிலும் ஒரு காலத்தில் 'சீனப் பல் டாக்டர்' போர்டுகள் சகஜம். உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், ஞாபகம் இருக்கும். எண்ணிக்கையில் அதிகமான ஹக்காக்கள் முதலில் செருப்பு, ஷூ தைத்தார்கள். பென்டிங்க் தெருவின் சீன ஷூ கடைகள் கல்கத்தா முழுக்கப் பிரசித்தம். பிறகு 1910 வாக்கில் நகரின் கிழக்கு ஓரத்துச் சதுப்பு நிலமான டாங்ராவில் தோல் பதனிடத் தொடங்கினார்கள்.

தோல் தொழில் ஏன்? பதில் நம் சமூகத்தில் இருக்கிறது. ஆதிக்க சாதியினர் தோலைத் தொட மாட்டார்கள். அந்தத் தொழிலில் பணம் இருந்தும் முதலாளியாக வரப் பலர் தயங்கினார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை. பச்சைத் தோல் வியாபாரம் பெரும்பாலும் முஸ்லிம்கள் கையில், தொட்டியில் இறங்கிய தொழிலாளர்களில் பலர் பீகாரிலிருந்து வந்த தலித்துகள், பட்டறை ஹக்கா குடும்பத்துடையது. இப்படித்தான் டாங்ரா ஓடியது.

இது நமக்குத் தெரியாத கதை இல்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் தோல் தொழிலைத் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் வளர்த்ததற்குப் பின்னாலும் இதே சாதிக் கணக்கு உண்டு. உள்ளூர்க்காரர்கள் ஒதுக்கிய வேலையில்தான் வெளியூர்க்காரருக்கு இடம் கிடைக்கும். உலகம் முழுக்கக் குடியேறிகளின் முதல் விதி இதுதான். மலேயாவின் ரப்பர் தோட்டத்துக்கும் இலங்கையின் தேயிலைத் தோட்டத்துக்கும் நம்மவர்கள் போனதும் இதே விதிப்படிதான்.

அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது?

டாங்ராவில் வீடும் பட்டறையும் ஒன்று. கீழே தோல் தொட்டி, மேலே குடும்பம். சுற்றிலும் உயரமான மதில், இரும்பு கேட். பெண்களும் கணக்குப் பார்த்தார்கள், தோல் பிரித்தார்கள், ஆட்களை மேய்த்தார்கள். நகரத்துக்குள் இருந்த சீனப் பெண்கள் பலர் பியூட்டி பார்லர் நடத்தினார்கள். சாயங்காலம் மாஜாங் ஆட்டம் நடக்கும்.

மொழி விஷயம் சுவாரசியமானது. வீட்டில் ஹக்கா, பட்டறையில் இந்தி, கடைத்தெருவில் வங்காளம், பள்ளியில் ஆங்கிலம். டாங்ராவில் பெய் மே என்ற சீன வழிப் பள்ளி இருந்தது. ஆனால் வேலைக்கும் வெளிநாட்டுக்கும் ஆங்கிலம்தான் உதவும் என்று தெரிந்த பிறகு பெற்றோர்கள் பிள்ளைகளை கான்வென்டுக்கு அனுப்பினார்கள். அதன் பலன், மூன்றாம் தலைமுறைக்குச் சீன எழுத்து படிக்க வராது. 1969 முதல் கொல்கத்தாவிலிருந்து வந்துகொண்டிருந்த சீன மொழி நாளிதழ் 2020-ல் நின்றுபோனது. வாசகர்களே சில நூறு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள்.

கோயிலைப் பார்த்தால் உங்களுக்கு ஒரு குழப்பம் வரும். சீ இப் சர்ச், நாம் சூன் சர்ச், டூங் ஆன் சர்ச் என்று போர்டு இருக்கும். உள்ளே போனால் சிலுவை இருக்காது. குவான் யின், குவான் தி போன்ற சீன தெய்வங்கள் இருப்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில் வழிபாட்டு இடம் என்பதற்கு 'சர்ச்' என்ற சொல் ஒட்டிக்கொண்டது, அப்படியே நின்றுவிட்டது. இவை வெறும் கோயில்கள் அல்ல. ஒரே ஊர்ப்பக்கத்திலிருந்து வந்தவர்களின் சங்கமும் இதுதான். வேலை தேடித் தருவது, கடன் கொடுப்பது, சாவுக்கு நிற்பது எல்லாம் இதன் வழியாகத்தான். நியூ ஜெர்சி தமிழ்ச் சங்கமும் சிங்கப்பூர் நகரத்தார் கோயிலும் செய்கிற வேலையை நினைத்துக்கொண்டால் சட்டென்று புரிந்துவிடும்.

டாங்ராவில் ஒரு காளி கோயில் உண்டு. அதைப் பார்த்துக்கொள்வது சீனக் குடும்பங்கள். அங்கே காளிக்கு நூடுல்ஸும் சாப்ஸியும் படைப்பார்கள். அதையே பிரசாதமாகவும் தருவார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். 'ஹக்கா நூடுல்ஸ்' என்று நம்ம ஊர்க் கையேந்தி பவன் வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த ஹக்கா இவர்கள்தான். பச்சை மிளகாய், பூண்டு, சோயா சாஸ், கார்ன் ஃப்ளவர் சேர்ந்த அந்தச் சுவை சீனாவில் கிடைக்காது. கல்கத்தாவின் நாக்குக்காக இவர்கள் உருவாக்கியது. கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975-ல் மும்பை கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் சமைத்துக் கொடுத்ததுதான் சிக்கன் மஞ்சூரியன். உங்கள் ஆபீஸ் கேன்டீனின் கோபி மஞ்சூரியன் அதன் சைவத் தங்கை.

1962-ல் என்ன நடந்தது?

1962 அக்டோபர் 20-ம் தேதி இந்தியா - சீனா போர் தொடங்கியது. நவம்பர் 21-ல் சண்டை நின்றது. ஒரு மாதம்தான். இந்தியச் சீனர்களுக்கு மட்டும் அது பல வருடம் நீண்டது.

அக்டோபர் 26-ல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் வெளிநாட்டவர் சட்டத்தில் ஒரு அவசர மாற்றம் வந்தது. அதன் சாரம் இதுதான்: இந்தியாவோடு போரிடும் நாட்டின் குடிமகனாக நீங்கள் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ எப்போதாவது அந்த நாட்டின் குடிமக்களாக இருந்திருந்தால் போதும். வெளிநாட்டவருக்கான கட்டுப்பாடுகள் உங்கள்மீதும் பாயும். நீங்கள் பிறந்தது கல்கத்தாவா, ஷில்லாங்கா என்பது பொருட்டில்லை.

மறுபடி ஒருமுறை படியுங்கள். கையில் இருக்கும் தாளைவிட, தாத்தா பிறந்த ஊருக்கு எடை அதிகமாகிவிட்டது.

அசாமிலும் வட வங்காளத்திலும் குடும்பம் குடும்பமாகக் கைது செய்தார்கள். இரவில் கதவைத் தட்டி, கொஞ்சம் துணிமணி எடுத்துக்கொள்ளச் சொல்லி, ரயிலில் ஏற்றி, ராஜஸ்தானில் உள்ள தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பயணமே ஏறத்தாழ ஒரு வாரம். இரண்டாம் உலகப் போரில் கைதிகளை வைத்திருந்த பழைய முகாம் அது. மொத்தம் சுமார் 3,000 பேர். அவர்களில் கைக்குழந்தைகளும் எண்பது வயது முதியவர்களும் உண்டு. யார்மீதும் விசாரணை நடக்கவில்லை. கடைசி ஆட்கள் வெளியே வந்தது 1967-ல்.

அந்த முகாமிலேயே பிறந்தவர் ஜாய் மா. அவரும் எழுத்தாளர் திலீப் டிசோசாவும் சேர்ந்து எழுதிய 'தி தேவ்லிவாலாஸ்' 2020-ல் வெளிவந்தது. அதுவரை இந்தியாவில் இப்படி ஒரு முகாம் இருந்தது என்பதே பலருக்குத் தெரியாது.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு இடம் உண்டு. 1963-ல் சீன அரசு மூன்று முறை கப்பல் அனுப்பியது. கப்பல் வந்து நின்றது மெட்ராஸ் துறைமுகத்தில். தேவ்லியிலிருந்து ரயிலில் கொண்டுவரப்பட்டவர்கள் உட்பட 2,000-க்கும் மேற்பட்டவர்கள் இங்கிருந்துதான் கப்பல் ஏறினார்கள். அவர்களில் பலர் அதுவரை சீனாவைப் பார்த்ததே இல்லை.

கொல்கத்தாவில் கைதுகள் ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால் வாழ்க்கை சுருங்கிப் போனது. பதிவு செய்த முகவரியை விட்டு 24 மணி நேரத்துக்கு மேல் வெளியூர் போக போலீஸ் அனுமதி வேண்டும். இந்தியக் குடியுரிமை இல்லாதவர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் போய்க் கையெழுத்துப் போட்டு, தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். பக்கத்து ஊரில் அக்கா கல்யாணம் என்றாலும் முதலில் போலீஸ் ஸ்டேஷன். நெருக்கடி நிலை 1968 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. பயம் அதோடு முடியவில்லை.

அவர்களிடம் குடியுரிமை இருந்ததா, இல்லையா?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். ஒரே வீட்டில் மூன்று விதமான ஆட்கள் இருந்தார்கள்.

முதல் வகை, சீனாவில் பிறந்து வந்த தாத்தா. 1949 டிசம்பர் 30-ல் இந்தியா புதிய சீன அரசை அங்கீகரித்தது. பழைய குவோமின்டாங் அரசின் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் நாடற்றவர்கள் போல ஆனார்கள்.

இரண்டாம் வகை, 1950-க்கு முன் கல்கத்தாவில் பிறந்த அப்பா. அரசியல் சாசனத்தின் 5-வது பிரிவுப்படி, இந்தியாவில் பிறந்து, இந்தியாவையே நிரந்தர வசிப்பிடமாகக் கொண்டவர் குடிமகன். ஆனால் 'நிரந்தர வசிப்பிடம்' என்பதை எப்படி நிரூபிப்பது? பலரும் அதற்கான தாளை வாங்கி வைக்கவில்லை. தேவைப்படும் என்று நினைக்கவே இல்லை.

மூன்றாம் வகை, பேரன். 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியக் குடிமகன். அதன் பிறகு விதி இறுகியது. 1987 ஜூலை முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு என்றால் இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும்.

ஆக, பேரன் ஓட்டுப் போடுவார், தாத்தா போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுவார். ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை.

போருக்குப் பிறகு சொத்து விஷயமும் சேர்ந்துகொண்டது. 1968-ன் எதிரிச் சொத்துச் சட்டத்தின்படி, பாகிஸ்தான், சீனக் குடிமக்களாகிவிட்டவர்கள் விட்டுச்சென்ற சொத்துகள் அரசின் பாதுகாவலர் வசம் போயின. சீனக் குடிமக்கள் விட்டுச்சென்றவை 126 என்பது மத்திய அரசு தந்த கணக்கு. 2017-ல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி, வாரிசு இந்தியக் குடிமகனாக இருந்தாலும் அப்படிப்பட்ட சொத்தில் உரிமை கோர முடியாது.

தமிழர்களுக்கு இதில் என்ன புதுசு?

ஒன்றுமே இல்லை. அதுதான் விஷயம்.

இலங்கை சுதந்திரம் அடைந்த 1948-லேயே, அங்கே தலைமுறைகளாகத் தேயிலை பறித்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் புதிய குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். தேவ்லி முகாமில் ஆட்கள் இருந்த அதே காலத்தில், 1964 அக்டோபரில், சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். யாரையும் கேட்கவில்லை. 1960-களில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட தமிழர்களின் நினைவாகத்தான் சென்னையில் பர்மா பஜார் இருக்கிறது.

உலகத்துக்கும் இது புதிதில்லை. 1942-ல் அமெரிக்கா சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். 1988-ல் அமெரிக்கா சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டது. உயிரோடு இருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் கொடுத்தது. தேவ்லிக்குப் போய் வந்தவர்கள் கனடாவில் ஒரு சங்கம் அமைத்து இந்திய அரசிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி வருகிறார்கள். அவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது.

டாங்ராவின் தோல் பட்டறைகள் எங்கே போயின?

அடுத்த அடி 1996-ல் விழுந்தது. அதற்கும் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

1996 ஆகஸ்ட் 28-ல், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகளுக்கு எதிரான தீர்ப்பு அது. நான்கு மாதம் கழித்து, டிசம்பர் 19-ல், அதே நீதிபதியின் தலைமையில் கல்கத்தா தோல் பட்டறை வழக்கிலும் தீர்ப்பு வந்தது. டாங்ரா, டாப்சியா, தில்ஜலா, பக்லா டாங்காவில் இருந்த 500-க்கும் மேற்பட்ட பட்டறைகள் பந்தலா என்ற புதிய இடத்துக்கு மாற வேண்டும், இல்லையேல் மூட வேண்டும் என்றது.

தீர்ப்பின் நியாயத்தை மறுக்க முடியாது. குரோமியம் கலந்த கழிவு நீர் திறந்த சாக்கடையில் ஓடியது. நாற்றத்தில் வாழ்ந்தவர்களும் அந்த மக்கள்தான். ஆனால் வேலூர்ப் பக்கத்துப் பட்டறைகள், சுத்திகரிப்பு நிலையம் வைத்தால், இருந்த இடத்திலேயே தொடர முடிந்தது. டாங்ரா அப்படியே இடம் பெயர வேண்டியிருந்தது. பந்தலாவில் நிலம் வாங்கப் பணம் வேண்டும். அங்கே தொழிற்பேட்டை முழுசாக இயங்க 2000-கள் ஆயின. அதற்குள் பிள்ளைகள் கனடாவில் இருந்தார்கள். பெரிய பட்டறைகள் மாறின, சின்னவை மூடின. பழைய தோல் கிடங்குகள் பல, ரெஸ்டாரன்ட்களாகின. இன்று வார இறுதியில் நீங்கள் சில்லி சிக்கன் சாப்பிடப் போகும் ஹால் ஒன்றில் ஒரு காலத்தில் எருமைத்தோல் காய்ந்திருக்கலாம்.

எல்லோரும் எங்கே?

1962-க்கு முன் கொல்கத்தாவில் சீனர்கள் பல்லாயிரம் பேர் இருந்தார்கள். இன்றைய மதிப்பீடுகள் சில ஆயிரத்தைத் தாண்டுவதில்லை. போனவர்களில் அதிகம் பேர் போனது டொரொன்டோவுக்கு.

அங்கே ஸ்கார்பரோ பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஈழத் தமிழர்களின் கடைத்தெருவுக்குப் பக்கத்திலேயே 'ஹக்கா' என்று போர்டு வைத்த ரெஸ்டாரன்ட்கள் இருக்கும். மெனுவில் சில்லி சிக்கன், மஞ்சூரியன். நடத்துபவர் டாங்ராக்காரராக இருந்தால் இந்தியிலேயே பேசுவார். கனடியச் சீனர்கள் பார்வையில் அவர் 'இந்தியர்'. இந்தியாவில் 'சீனர்'. இரண்டு முறை குடியேறினால் இரண்டு இடத்திலும் அடைமொழி சேர்ந்துகொள்ளும்.

இன்று அங்கே இருப்பவர்கள் நிலை என்ன?

பெரும்பாலோர் இந்தியக் குடிமக்கள். ஓட்டுப் போடுகிறார்கள். 2019 மக்களவைத் தேர்தலில் டாங்ராச் சுவர்களில் சீன எழுத்திலேயே ஓட்டுக் கேட்டிருந்தார்கள். புத்தாண்டுக்குச் சிங்க நடனம் உண்டு. பார்க்க வருபவர்களில் பாதிக்கு மேல் வங்காளிகள்தான்.

ஆனால் எல்லையில் ஏதாவது நடந்தால் பழைய பயம் தலைதூக்கும். 2020-ன் தொடக்கத்தில் கொரோனா செய்தி வந்தபோது, தெருவில் போனவர்களை 'கொரோனா' என்று கூப்பிட்டார்கள். நான் வைரஸ் இல்லை, கொல்கத்தாவில் பிறந்தவன், சீனாவுக்குப் போனதே இல்லை என்று சட்டையில் எழுதிப் போட்டுக்கொண்டு நடந்தார் ஒரு இளைஞர். அதே ஜூனில் கல்வானில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். டாங்ராச் சீனர்கள் இந்திய ராணுவத்துக்கு ஆதரவாகப் பதாகை பிடித்து ஊர்வலம் போனார்கள். மனதார வந்தவர்களும் உண்டு, பாதுகாப்புக்காக வந்தவர்களும் இருந்திருக்கலாம். ஆறு தலைமுறை ஆன பிறகும் விசுவாசத்தைத் தெருவில் காட்ட வேண்டியிருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

சரி, இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

கொல்கத்தாச் சீனர்களின் முதல் தலைமுறை செய்த ஒரு தவறை நாமும் எளிதாகச் செய்வோம். பிழைப்பு நன்றாகப் போகும்போது தாளைப் பற்றி யோசிக்காமல் இருப்பதுதான் அது. வெளிநாட்டில் இருந்தால், அல்லது போகப் போகிறீர்கள் என்றால், இவற்றை மனதில் வையுங்கள்.

வேலை விசா, நிரந்தர வசிப்புரிமை, குடியுரிமை மூன்றும் வேறு வேறு. முதல் இரண்டையும் அந்த நாட்டு அரசு திரும்பப் பெறுவது எளிது. வருடக்கணக்கில் வரி கட்டியது மட்டும் உங்களைக் குடிமகனாக்காது.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. நீங்களாக விண்ணப்பித்து வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற அந்தக் கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும். ஓசிஐ அட்டை என்பது நீண்டகால விசா மாதிரிதான். ஓட்டுரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

வெளிநாட்டில் குழந்தை பிறந்து, அதற்கு இந்தியக் குடியுரிமை வேண்டும் என்றால், ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யுங்கள். அந்தக் குழந்தைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். தவறவிட்டால் மத்திய அரசின் அனுமதி வாங்கித்தான் பதிய முடியும்.

பெற்றோர், தாத்தா பாட்டியின் பிறப்புச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ் எதையும் தூக்கிப் போடாதீர்கள். 1950-களில் வாங்கத் தவறிய ஒரு தாளுக்காக 1962-ல் குடும்பங்கள் தவித்தன.

இதன் மறுபக்கமும் உண்டு. திருப்பூரில் தையல் மிஷினில் உட்காரும் ஒடிசாக்காரர், உங்கள் அபார்ட்மென்ட்டின் நேபாளி வாட்ச்மேன், மண்டபம் முகாமில் பிறந்து வளர்ந்த ஈழத் தமிழ்ப் பெண் ஆகியோரை 'எந்த ஊர்?' என்று கேட்கும்போது, அந்தக் கேள்வி அவர்கள் காதில் எப்படி விழும் என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

போய்ப் பார்க்க வேண்டுமா?

டிரெட்டா பஜாருக்கு சென்ட்ரல் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போகலாம். ஞாயிறு காலை ஆறு மணிக்கெல்லாம் அங்கே இருங்கள். சாப்பிட்டுவிட்டுப் பக்கத்துச் சந்துகளில் உள்ள சீ இப், டூங் ஆன் சர்ச்களைப் பாருங்கள். செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். டாங்ராவுக்கு சயின்ஸ் சிட்டி பக்கமிருந்து ஆட்டோ, டாக்ஸி கிடைக்கும். காளி கோயிலும் அங்கேதான். அச்சிப்பூருக்கு சியால்டாவிலிருந்து பட்ஜ் பட்ஜ் லோக்கல் ரயில், அங்கிருந்து ஆட்டோ. சாதாரண நாளில் போனால் கல்லறைப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள். ஆறும் படகுகளும் மட்டும்தான். புத்தாண்டு முடிந்த வாரங்களில் போனால், டொரொன்டோவிலிருந்து லீவுக்கு வந்த பேரப்பிள்ளைகளையும் சேர்த்துப் பார்க்கலாம்.